தலையில் நோய், வயிற்றில் காரணம்

நான் மருத்துவன் அல்லன். நாற்பது ஆண்டாகப் பாத்திரக் கடை நடத்துபவன். கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தறிந்ததை இம்மலரில் எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகளுக்குத் தலைவலி, காய்ச்சல் என்று தொடங்கிற்று. சில நாளில் தூக்கம் போயிற்று; சம்பந்தமில்லாமல் பேசினாள்; யாரோ கொல்ல வருவதாகக் கத்தினாள். "ஊருக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கணும்" என்றார் பாட்டி. பிறகு வலிப்பு வந்தது. நரம்பியல் மருத்துவர் முதுகுத்தண்டு நீரைச் சோதித்துவிட்டு வயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். "தலையிலே நோய், வயித்தை ஏன் பாக்கணும் அண்ணே?" என்று தகப்பனார் என்னைக் கேட்டார்.

நியாயமான கேள்விதான். பெண்களின் சினைப்பையில் 'டெரட்டோமா' என்ற கட்டி வருவதுண்டு. அதற்குள் முடி, பல், சில சமயம் நரம்புத் திசுவும் இருக்கும். உடலின் காவற்படை அந்தத் திசுவை அந்நியன் என்று எண்ணி ஆன்டிபாடிகளை உண்டாக்குகிறது. மூளை நரம்பணுவின் மேலும் அதே என்.எம்.டி.ஏ. ஏற்பி உள்ளது. திருடன் போட்ட சட்டையையே வீட்டுக்காரரும் போட்டிருந்தால் காவல்காரன் யாரை அடிப்பான்? இரண்டு பேரையும்தான்! ஜோசப் டல்மாவும் அவர் குழுவினரும் 2007-இல் இதை விளக்கினார்கள்.

டெரட்டோமா பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் நுரையீரல், மார்பகம், சினைப்பைப் புற்றுநோய்களிலும் இப்படிப்பட்ட பிசகு நேர்கிறது. புற்று தெரியவரும் முன்பே நரம்புக் கோளாறு முந்திக்கொள்வதும் உண்டு.

இதில் இருவகை. நரம்பணுவின் மேற்புற ஏற்பியை ஆன்டிபாடி தாக்கினால் அணு பெரும்பாலும் சாவதில்லை. ஆன்டிபாடி குறைந்தால் ஏற்பிகள் திரும்பும். 'ஹூ', 'யோ' எனப்படும் ஆன்டிபாடிகள் காணப்படும் வகையில், இலக்கு அணுவின் உள்ளே உள்ளது. அங்கே டி-அணுக்கள் நரம்பணுவையே அழித்துவிடும். போனது பெரும்பாலும் திரும்பாது; மேலும் போகாமல் தடுக்கத்தான் பார்க்கலாம்.

சிகிச்சைக்கு இரண்டு கைகள். ஒன்று, காரணமான கட்டியைத் தேடி நீக்குவது. புற்றுநோயானால் அதற்குரிய சிகிச்சை தருவது. மற்றது, காவற்படையை அமைதிப்படுத்துவது. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் ஆகியவை முதற்படி. மசியாவிட்டால் ரிடுக்ஸிமாப், சைக்ளோபாஸ்பமைடு. என்.எம்.டி.ஏ. வகை பற்றி 2013-இல் வெளியான ஆய்வில், 24-ஆம் மாதத்தில் கவனிக்கப்பட்ட 252 பேரில் 203 பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்குப் பலன் கூடுதல்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. நோயாளி தமிழில் பிதற்றினால், மருத்துவருக்கு அது பிதற்றல் என்றே தெரியாது. நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். என்றைக்குக் காய்ச்சல், என்றைக்குப் பேச்சு மாறியது, என்றைக்கு வலிப்பு என்று கடை நாள்வழிக் கணக்குப் போலத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். திடீரென்று புத்தி தடுமாறி, கூடவே காய்ச்சலோ வலிப்போ வந்தால், "இது காவற்படைப் பிசகாக இருக்குமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கட்டியை எடுத்தார்கள். தேறிவரப் பல மாதம் ஆயிற்று. போன மாதம் கடைக்கு வந்து ஒரு குக்கர் வாங்கினாள். நான் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். "மாமா, பத்து ரூபா கூட இருக்கு" என்று திருப்பித் தந்தாள்.