பொம்மைக்குப் பிறந்தநாள்

பிள்ளை மனம் – 11

சென்ற வாரம் பால்டிமோரில் இருந்தோம். 1943இல் லியோ கேனர் 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆட்டிசத்தை மருத்துவ உலகம் தனிக் குறைபாடாக அடையாளம் காணத் தொடங்கியது என்று பார்த்தோம். இந்த வாரம் ஆப்பிரிக்காவுக்குப் போவோம்.

விக்டர் லாட்டர் என்ற ஆய்வாளர் அங்கே 6 நாடுகளில் 9 நகரங்களுக்குச் சென்றார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான நிலையங்களில் 1,300க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து, 1978இல் தம் முடிவை வெளியிட்டார். அவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் என்று அவர் சொன்னது 9 பேரை மட்டும்தான். ஆப்பிரிக்காவில் ஆட்டிசம் அபூர்வம் என்ற எண்ணம் அதன் பிறகு வெகுகாலம் நீடித்தது. அந்த நிலையங்களின் வாசலையே மிதிக்காத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள், கணக்கில் வரவில்லை.

இன்றும் பலர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மனநல மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஆட்டிசம் கண்டறியப்பட்ட சராசரி வயது 9 என்று தெரிந்தது. பேச்சு வரவில்லை என்பதுதான் பெற்றோரின் முதல் கவலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்று பயப்படுகிறார்கள். பிரார்த்தனைக் கூடம், நாட்டு வைத்தியர் என்று அலைகிறார்கள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

சரி, மருத்துவமனைக்கே வந்துவிட்டார்கள். அங்கே என்ன நடக்கிறது? உலகெங்கும் பயன்படும் ‘ஏடாஸ்’ பரிசோதனையில் ஒரு கட்டம் இருக்கிறது. மேசையில் ஒரு குழந்தைப் பொம்மையை உட்கார வைக்கிறார்கள். விளையாட்டுக் களிமண்ணைத் தட்டி கேக் செய்து, அதன்மேல் மெழுகுவத்திகளாகச் சில குச்சிகளைக் குத்துகிறார்கள். “பாப்பாவுக்குப் பிறந்தநாள்!” பிள்ளை சேர்ந்து பாடுகிறதா, மெழுகுவத்தியை ஊதுகிறதா, பொம்மைக்கு ஊட்டுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். கேக் வெட்டும் வழக்கமே இல்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளை அந்தக் குச்சிகளைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன மதிப்பெண் போடுவது? கற்பனையாக விளையாடத் தெரியாதென்றா, இந்த விளையாட்டே தெரியாதென்றா?

கண்ணைப் பார்ப்பதிலும் இதே சிக்கல்தான். தென்னாப்பிரிக்காவின் ஜூலு குடும்பங்களில் பெரியவர் பேசும்போது பிள்ளை கண்ணைத் தாழ்த்திக்கொள்வது மரியாதை. ஆட்டிசத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்றோ கண்ணோடு கண் நோக்காமை. மருத்துவர் முன் தலை குனியும் பிள்ளையைப் பார்த்து அவசரப்பட்டு முடிவு கட்டலாம். “மரியாதையான பிள்ளை” என்று உண்மையான அறிகுறியைத் தவறவும் விடலாம். தன் வயதுப் பிள்ளைகளோடு இருக்கையில் கண் எங்கே போகிறது என்று தாயிடம் கேட்டால் தெளிவு பிறக்கும். பரிசோதனைப் பெட்டியைத் திறக்கும் முன் தாயிடம் பத்து நிமிடம் பேசுவதும் பரிசோதனைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது? எத்தியோப்பியாவில் செமி யேனுஸ் என்ற தாய் அதற்கு வழி தேடினார். ஆட்டிசம் உள்ள தன் மகனைப் பள்ளிகள் ஏற்காத நிலையில், 2002இல் அடிஸ் அபாபாவில் ‘ஜாய்’ என்ற மையத்தை அவரே தொடங்கினார். பெற்றோருக்கென உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பயிற்சியும் அந்த நாட்டில் முயன்று பார்க்கப்பட்டது. 9 குழு வகுப்புகள், 3 முறை வீட்டுக்கே வருகை. நடத்துபவர் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும் ஊர்களில் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் சிகிச்சை அம்மாவின் கைதான். அந்தக் கைக்குத்தான் பயிற்சி வேண்டும்.

சட்டி கழுவும்போதும் சட்டை மாட்டும்போதும் ஒரு பிள்ளையை எப்படிப் பேச அழைப்பது? அடுத்த வாரம் அந்த வகுப்புக்குள் போய் உட்காருவோம்.

(தொடரும்)