கூர்முனைக்குச் சட்டம் உண்டு, கைப்பிடிக்கு?

புதுதில்லி: அரசியல் மேடைகளில் தலைவர்களுக்கு வாள் பரிசளிப்பது வடக்கிலும் தெற்கிலும் ஊறிப்போன வழக்கம். மாலையும் பொன்னாடையும் முடிந்த பின்னர் வாள் வரும். தலைவர் அதை உறையிலிருந்து உருவி உயர்த்துவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். சற்று நேரம் பிடியை இறுகப் பற்றியிருந்த உள்ளங்கையில் கருமையோ பச்சையோ படிந்திருப்பதும் உண்டு. வட மாநிலத் திருமணங்களில் வாளேந்திக் குதிரையேறும் மணமகனும், பழைய போர்வாள்களின் நகல்களை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டும் வெளிநாட்டு ரசிகரும் இதே கறையை அறிந்தவர்கள்தாம்.

சோப்பும் தண்ணீரும் போதும், அது போய்விடும். ஆனால், அது என்ன, எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கினால், பதில் தில்லிக்கு அருகிலுள்ள பட்டறைகளில் தொடங்கி நாடாளுமன்றத்தில் வந்து நிற்கிறது.

பித்தளை நகரமும் வாள் நகரமும்

உலகச் சந்தையில் விற்பனையாகும் நகல் வாள்களில் கணிசமானவை இந்தியாவில் உருவாகின்றன. உத்தரகண்ட் தலைநகர் டேராடூன் இத்தொழிலின் முக்கிய மையம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூர்க்கா படையினருக்குக் குக்ரி கத்தி செய்து கொடுக்க 1943-இல் தொடங்கிய தொழில், இன்று பல நாடுகளின் ராணுவ அணிவகுப்பு வாள்கள், திரைப்படங்களுக்கான வாள்கள், ரோமானிய, ஐரோப்பிய வாள்களின் நகல்கள் என்று விரிந்திருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் "பித்தளை நகரம்" என்றே அழைக்கப்படுகிறது. 2018-இல் மாநில அரசு தொடங்கிய "ஒரு மாவட்டம், ஒரு பொருள்" திட்டத்தில் இம்மாவட்டத்துக்குரியதாக அறிவிக்கப்பட்டது உலோகக் கைவினைதான். குத்துவிளக்கும் பூச்சாடியும் வார்க்கும் இதே கைகள் அலங்கார வாள்களின் பிடிகளையும் வார்க்கின்றன. பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் வேலையைப் பிரித்துக் கொடுக்க, குறுகிய சந்துகளில் உள்ள சிறு பட்டறைகளும் வீடுகளும் வார்ப்பு, ராவுதல், மெருகேற்றுதல், முலாம் பூசுதல் என்று ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே செய்கின்றன. இந்தப் பிரிவினையை நினைவில் கொள்ளவேண்டும். சட்டத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கையில் படிவது என்ன?

வாளின் அலகு பெரும்பாலும் எஃகு. பிடியும் கைக்காப்பும் பித்தளையாகவோ, துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியவையாகவோ, மலிவான வாள்களில் அலுமினியமாகவோ இருக்கும். கையில் ஒட்டும் கருமைக்கு முதல் காரணம் மெருகுப் பசை. மெழுகும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் கலந்த இப்பசையைச் சுழலும் துணிச் சக்கரத்தில் தடவித்தான் பிடியைப் பளபளக்கச் செய்கிறார்கள். செதுக்கு வேலைப்பாட்டின் இடுக்குகளில் தங்கிவிடும் பசையும் அதில் கலந்த உலோகத் துகளும் கையின் வெப்பத்தில் இளகி ஒட்டிக்கொள்கின்றன.

அடுத்தது வியர்வை. அதிலுள்ள உப்பும் அமிலமும் பித்தளையின் தாமிரத்தை அரிக்கும்போது உண்டாகும் தாமிர உப்புகளே பச்சைக் கறை. பழமைத் தோற்றம் தருவதற்காக ரசாயனத்தால் கறுப்பாக்கிய பூச்சும் சரியாக நிலைபெறாவிட்டால் உதிரும். அலுமினியம் விட்டுச் செல்வது சாம்பல் கலந்த கருமை. நிக்கல் முலாம் கறை விடாவிட்டாலும், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும்.

இவற்றில் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத ஈயம். கடைசலுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சில வகைப் பித்தளைகளில் ஏறத்தாழ 3 சதவீதம் வரை ஈயம் சேர்ப்பது நீண்டகால நடைமுறை. பழைய குழாய்களையும் உதிரி பாகங்களையும் உருக்கி வார்க்கும்போது அந்த ஈயமும் கூடவே வருகிறது. ஈயம் பித்தளையில் கரைந்து ஒன்றாவதில்லை; நுண்துகள்களாகத் தனித்து நிற்கும். கடையும்போதும் தேய்க்கும்போதும் அது மேற்பரப்பில் இழுபட்டு நிற்பதால், தொடும் கைக்கு எளிதில் இடம் மாறும். தோல் வழியே அது உடலுக்குள் புகுவது குறைவு. கழுவாத கையால் உண்ணும்போதுதான் உள்ளே செல்கிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது முதலில் தாக்குகிறது.

வாளை எப்போதாவது தொடுபவருக்கு இதனால் நேரும் ஆபத்து சிறிது. அதே பிடியை நாள் முழுவதும் சக்கரத்தில் அழுத்திப் பிடிப்பவரின் நிலை வேறு. வாங்கியவரின் கையில் கறையாகப் படிவது, அங்கே தூசியாக எழுந்து மூச்சில் கலக்கிறது. உலையருகே நிற்பவருக்கு இன்னொரு தொல்லை. பித்தளை உருகும் வெப்பநிலைக்கு அருகிலேயே துத்தநாகம் கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் அது தணிந்துவிடும். ஈயம் அப்படித் தணிவதில்லை. எலும்பில் சேர்ந்து பல ஆண்டுகள் தங்கும். வேலை உடையோடு வீட்டுக்கு வரும் தூசி, பட்டறையைப் பார்த்தேயிராத குழந்தையையும் சென்றடையும்.

அங்குலக் கணக்கும் ஆள் கணக்கும்

வாளின் கூர்முனையைப் பற்றி நமது சட்டங்கள் மிகவும் கவலைப்பட்டிருக்கின்றன. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2016-ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வாள், குத்துவாள் போன்றவற்றை ஆயுதப் பட்டியலில் சேர்த்துள்ளன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் உரிய கருவிகளுக்கு விலக்கு உண்டு. சீக்கியர்கள் கிர்பான் அணிவதை அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் விளக்கக் குறிப்பே பாதுகாக்கிறது. 1989 தேர்தலில் பஞ்சாபின் தரன் தாரன் தொகுதியில் வென்ற சிம்ரன்ஜித் சிங் மான், நீண்ட கிர்பானுடன் மக்களவைக்குள் செல்ல அனுமதிக்கப்படாததால் அவையில் அமராமலேயே பதவி விலகினார் என்பதும் நினைவுகூரத்தக்கது. வாளின் நீளம் நாடாளுமன்றத்தின் வாயிலிலேயே விவாதப் பொருளாகியிருக்கிறது.

பிடியைத் தேய்த்தவரைப் பற்றியும் சட்டம் அறியாமல் இல்லை. போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பின்னர், 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் முதல் அட்டவணை, இரும்பல்லாத உலோகத் தொழிலையும், உலோகங்களைத் தேய்த்து மெருகிடுவதையும் அபாயகரமானவை என்று பட்டியலிட்டது. இரண்டாவது அட்டவணை, பணியிடக் காற்றில் ஈயம் கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றது. அமெரிக்கா 1978-இலேயே வகுத்த வரம்பு 0.05 மில்லிகிராம், நமது வரம்பு அதைப்போல் மூன்று மடங்கு. மூன்றாவது அட்டவணையில், மருத்துவர் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில்வழி நோய்களில் முதலாவதாக நின்றது ஈய நச்சு.

ஆனால், இவையனைத்தும் "தொழிற்சாலை" என்ற சொல்லுக்குள் வருபவர்களுக்குத்தான். மின்விசையுடன் 10 பேர், மின்விசையின்றி 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. வேலை பல சந்துகளுக்குப் பிரிந்து போகும் தொழிலில், ஓர் இடத்தில் பத்துப் பேர் கூடுவதே அரிது. ஆள் எண்ணிக்கை குறைந்த இடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர 85-ஆவது பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்திருந்தது. அதைப் பயன்படுத்துவது அந்தந்த அரசின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

வெறிச்சோடிய அவையில்

இந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருப்பது 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பு. 2019 ஜூலையில் முதலில் அறிமுகமான மசோதாவை பர்த்ருஹரி மஹதாப் தலைமையிலான தொழிலாளர் நிலைக்குழு ஆராய்ந்து, 2020 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. பின்னர் புதிய வடிவில் வந்த மசோதா, தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த சந்தோஷ் கங்குவார் முன்மொழிய, அந்த ஆண்டு செப்டம்பர் 22-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வேளாண் மசோதாக்களை ஒட்டி எழுந்த மோதலில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நாட்கள் அவை. கோடிக்கணக்கானோரின் பணியிடத்தைத் தீர்மானிக்கும் சட்டம், எதிர்வரிசை வெறிச்சோடிய அவையில் நிறைவேறியது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன.

புதிய சட்டத்தில் தொழிற்சாலை என்பதற்கான வரம்பு மின்விசையுடன் 20, மின்விசையின்றி 40 என்று இரட்டிப்பாகியுள்ளது. நாடாளுமன்றம் நேரடியாகச் சட்டத்தில் எழுதி வைத்திருந்த நச்சுப்பொருள் வரம்புகளை இனி மாநில அரசுகள் விதிகளின் மூலம் நிர்ணயிக்கும். சிறு தொழில்களுக்கு நெருக்கடி குறையும், முதலீடு பெருகும் என்பது அரசுத் தரப்பு வாதம். ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும், அபாயகரமான வேலை நடக்கும் இடத்துக்குச் சட்டத்தை விரிவுபடுத்த மத்திய அரசு அறிவிக்கை வெளியிடலாம் என்றும் சட்டம் கூறுகிறது. தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையும் உறுதியளிக்கப்பட்டுள்ளது. வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால், மொராதாபாத்தின் ஒற்றைச் சக்கரப் பட்டறை அதன் வழியே உள்ளே வருமா என்பது தில்லியில் ஒருவர் இடும் கையெழுத்தைப் பொறுத்தது.

முன்னுதாரணம் இருக்கிறது

ஈயத்தைக் கட்டுப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. வீட்டுச் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-இல் விதி வகுத்து, அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. 2020-ஆம் ஆண்டு விளையாட்டுப் பொருள் தர ஆணையின்படி, சிறுவர் ஏந்தும் விளையாட்டு வாளுக்கும் தரமுத்திரை கட்டாயம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலமோ, நச்சுப் பொருள் பற்றிய எச்சரிக்கையை வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1986-இலேயே சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் கடல் கடந்து வாங்குபவரின் கையைக் காக்கிறது. செய்தவரின் கையைக் காக்க வேண்டிய கடமை நம்முடையது.

வாள் வைத்திருப்போர் செய்யக்கூடியது எளிது. பிடியை வெந்நீரும் சோப்பும் கொண்டு துடைத்து, ஈரமின்றி உலர்த்தி, மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் பெரும்பாலான கறை நின்றுவிடும். தொட்ட கையைக் கழுவிய பின்னரே உண்ண வேண்டும். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

உறுப்பினர்கள் செய்யக்கூடியதும் கடினமன்று. பித்தளை வார்ப்பும் மெருகேற்றலும் நடக்கும் எத்தனை இடங்களுக்கு, ஆள் எண்ணிக்கை பாராமல், புதிய சட்டம் விரிவுபடுத்தப்பட்டுள்ளது? அங்கே எத்தனை பேரின் இரத்தத்தில் ஈய அளவு சோதிக்கப்பட்டது? அடுத்த கூட்டத்தொடரின் கேள்வி நேரத்தில் இவ்விரண்டையும் எழுப்ப எந்தக் கட்சிக்கும் தடையில்லை. மேடையில் வாளைப் பெற்றுக்கொண்டவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள்.