பரப்பின் இழை காட்டும் வடிவம்

பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961இல் வரைந்த 'மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்' ஓவியத்தில் இருப்பதெல்லாம், சதுரங்கப் பலகையில் உள்ளதுபோன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்தான். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே உயரம். அகலம் மட்டும் இடமிருந்து வலமாகக் குறைந்துகொண்டே வந்து, நடுவைச் சற்றுத் தாண்டியதும் கீற்றாக மெலிகிறது. பிறகு மீண்டும் விரிகிறது. ஒளியோ நிழலோ தீட்டப்படவில்லை. ஆனாலும் அந்தத் தட்டையான பரப்பு உள்வாங்கி மடிவதாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு நாணயத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் காரணம் புரியும். நேராக இருக்கும்போது வட்டம். மேல் விளிம்பைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க நீள்வட்டம். 60 டிகிரி சாய்ந்ததும் உயரம் பாதியாகிவிடும். அகலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நசுங்கலின் அளவைக் கொண்டே சாய்வின் அளவைச் சொல்லிவிடலாம். புள்ளி போட்ட துணியைப் பானைமேல் இறுக்கிக் கட்டினால், நடுவில் உள்ள புள்ளிகள் வட்டமாகவும் விளிம்பை நெருங்கும் புள்ளிகள் கீற்றாகவும் தெரிவது இதனால்தான்.

பரப்பின் இழையமைப்பு, அதாவது அதில் நிறைந்திருக்கும் புள்ளி, கட்டம், கல் போன்றவற்றின் அமைப்பு, படிப்படியாக மாறுவதை வைத்து நாம் ஆழத்தை உணர்கிறோம் என்று 1950இல் விரிவாக எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன். இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளின் பார்வையை ஆராய்ந்தவர் அவர். தொலைவு கூடக்கூடத் தரையில் கிடக்கும் கற்கள் சிறுக்கின்றன, நசுங்குகின்றன, நெருங்குகின்றன. இந்த மூன்றையும் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் கட்டிங், ராபர்ட் மில்லார்டு இருவரும் 1984இல் தனித்தனியாகச் சோதித்தார்கள். சமதளத்தை உணர முக்கியமாக உதவுவது உருவம் சிறுப்பது. வளைவை உணர உதவுவது நசுங்கல். உயரத்தை மாற்றாமல் அகலத்தை மட்டும் குறைத்த ரைலியின் கட்டங்கள் வளைவாகத் தோன்றுவது இதனோடு பொருந்துகிறது.

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பரப்பெங்கும் இழை ஒரே சீராக இருக்கும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. அதனால் கட்டம் மெலிந்தால், பரப்புதான் திரும்பியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டுகிறது. ரைலி வேண்டுமென்றே கட்டங்களைச் சீரற்று வரைந்ததால் கண் ஏமாறுகிறது. ஆனால் புல்வெளி, மணல், செங்கல் சுவர் என்று நாம் அன்றாடம் பார்க்கும் பரப்புகளில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

இழையே தெரியாத பரப்பில்தான் ஆபத்து. காற்றடங்கிக் கண்ணாடிபோல் கிடக்கும் நீரில் இறங்கும்போது, தாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது கடல்விமானிகளுக்குப் பிடிபடுவதில்லை. அதனால் கரையை ஒட்டி இறங்கும்படி அவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். கண் பற்றிக்கொள்ள அங்கே மரமும் பாறையும் இருக்கின்றன.