எல்லைக்குப் போகும் கிழவிகள்

உத்திரமேரூர்ப் பக்கம் மாமரம் ஏறிக் காய் பறித்தவர்களுக்கு முசுறு எறும்பை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலைகளை மடித்துக் கட்டிய அந்தக் கூட்டில் கை பட்டால் போதும். சட்டைக்குள் புகுந்து கடித்து, கடிவாயில் அமிலத்தையும் பீய்ச்சிவிடும். கூடு கட்டும்போது சில எறும்புகள் இலை விளிம்புகளைக் கவ்வி இழுத்துப் பிடித்திருக்க, வேறு சில தங்கள் புழுக்களை வாயில் தூக்கிவந்து, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளைத் தைக்கின்றன. ஒரே குடி பல மரங்களில் பரவியிருக்கும். அதன் எல்லையோரக் கூடுகளில் காவல் இருப்பவை பெரும்பாலும் வயதான எறும்புகள் என்று எறும்பு ஆய்வாளர் பெர்ட் ஹோல்டாப்ளர் 1983இல் எழுதினார். வேலைக்கார எறும்புகள் அத்தனையும் பெண்கள் என்பதால், கிழவிகள் என்றே சொல்லலாம்.

வெளியே பல்லி, சிலந்தி, மழை, பக்கத்து மரத்துப் பகை என்று சாவு பல வழிகளில் வரும். இளசு ஒன்று செத்தால் அது செய்திருக்கக்கூடிய பல மாத வேலையும் சேர்ந்து போகும். கிழடு செத்தால் நட்டம் சொற்பம். சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தில், பிஸ்கட் பொட்டலத்தில் இருப்பதுபோல ஒவ்வொரு எறும்பின் முதுகிலும் ஓர் அடையாளக் குறியை ஒட்டி, 6 குடிகளை 41 நாள் கணினி வழியே கண்காணித்தார்கள். 2013இல் வெளியான முடிவு: இளையவை ராணியோடும் குஞ்சுகளோடும், நடுவயதினர் துப்புரவில், மூத்தவை இரை தேடி வெளியில்.

வயதை விட உடல் அளவுதானே வேலையைப் பிரிக்கிறது என்று கேட்கலாம். முசுறில் சிறியவை உள்ளே குஞ்சு பார்ப்பதும், பெரியவை வெளிவேலை செய்வதும் உண்மைதான். ஆனால் எல்லைக் காவலுக்குப் போவது அந்தப் பெரியவற்றிலும் மூத்தவை. அப்படியானால் அனுபவத்துக்காக அனுப்பப்படுகின்றனவா? நம் மனசுக்கு இதமான விளக்கம் இது, ஆனால் நிற்காது. போலந்தில் நடந்து 2008இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், காயப்படுத்தியோ கரியமில வாயு செலுத்தியோ ஆயுளைக் குறைத்த எறும்புகள், மற்றவற்றுக்கு முன்னதாகவே இரை தேடக் கிளம்பின. அனுபவம் அவற்றுக்குக் கூடவில்லை. மிச்ச நாள்தான் குறைந்திருந்தது.

உத்திரமேரூர்ச் சபையின் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரிய உறுப்பினருக்கு 35க்கு மேல், 70க்குக் கீழ் என்று வயதைக் கல்லில் வெட்டிவைத்தது. எறும்புக்கு அப்படிக் கறாரான வரம்பு கிடையாது. வெளியே போகிறவற்றை மொத்தமாக அகற்றினால், உள்ளிருக்கும் இளசுகளே முன்கூட்டிக் கிளம்புகின்றன. அப்படியானால் வயதுக்கு அர்த்தமே இல்லையா? உண்டு, கூட்டில் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வயதாக. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கர் குழு, எறும்பின் உறவினமான ஒரு குளவியில் இதைக் கண்டது: பிறந்து எத்தனை நாள் என்பதைவிட, கூட்டாளிகளைவிட மூத்ததா இளையதா என்பதே வேலையை அதிகம் தீர்மானிக்கிறது. இளையவர் கூட்டில் வெளியே பறந்துகொண்டிருக்கும் ஒரு குளவி, மூத்தவர் நிறைந்த கூட்டில் பிறந்திருந்தால் அதே வயதில் இன்னும் புழுவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கக்கூடும்.