காணாமற்போன மனிதனும் கணக்குப் புஸ்தகமும்

துப்பறியும் நாவல் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மில் அநேகர். ஸிஸிலித் தீவைச் சேர்ந்த லியோனார்தோ ஷாஷா 1961-ல் வெளியிட்ட 'ஆந்தையின் பகல்' என்ற இத்தாலிய நாவலைப் படிப்போர் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வரென்று நாம் நம்புகிறோம்.

ஸிஸிலியில் ஒரு சிற்றூர். விடியற்காலையில் பஸ்ஸில் ஏறப்போன கட்டட காண்டிராக்டர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். பஸ் நிறையப் பிரயாணிகள். சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. கொலையாளி ஓடியதைக் கண்டவன் ஒருவன் உண்டு. மரங்களுக்குக் கவாத்துச் செய்து பிழைக்கும் நிக்கொலோஸி. அவனோ வீடு திரும்பவில்லை. அவனைத் தேடும் பொறுப்பு காப்டன் பெல்லோதியுடையது. பாஸிஸத்தை எதிர்த்துப் போராடி, பிறகு குடியரசின் போலீஸ் உடுப்பை அணிந்தவர் அவர். தேடியவனை அவர் பிணமாகத்தான் காண்கிறார். இது மாபியாக் கூட்டத்தின் வேலை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.

இவ்விடத்தில்தான் நாவலின் உயிர்நிலை இருக்கிறது. சட்டப் பாதுகாப்புகளைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தால் கூட்டத்தை நசுக்கிவிடலாமே என்ற ஆசை பெல்லோதிக்கும் உண்டாகிறது. முஸோலினியின் ஆட்சி அதைச் செய்து பார்த்ததன்றோ? 1926-ல் பலெர்மோ ஜில்லாவின் தலைமை அதிகாரி மோரி, காங்கி என்ற ஊரை முற்றுகையிட்டுப் பெண்டுபிள்ளைகளைப் பிணையாகப் பிடித்தார். கூட்டம் பதுங்கிற்றேயன்றி அழியவில்லை. ஆகவே பெல்லோதி வேறு வழி காண்கிறார்: பாங்குக் கணக்கைப் பார்; பணம் எங்கிருந்து வந்ததென்று கேள்.

ஆனால் பெரிய மனிதர்களின் பொய்ச் சாட்சியத்தால் வழக்கு நொறுங்குகிறது. மாபியா என்று ஒன்றே கிடையாதென்று ரோமாபுரியில் சாதிக்கிறார்கள். பிரயாணிகளின் மௌனத்திற்குக் காரணம் பயம். அதிகாரத்திலிருப்போரின் மறுப்பிற்குக் காரணம் லாபம்.

பெல்லோதியின் யோசனை சட்டமாவதற்கு 21 ஆண்டுகள் பிடித்தன. மசோதாக் கொணர்ந்த பியோ லா தோர்ரே 1982 ஏப்ரலில் கொல்லப்பட்டார். பலெர்மோவுக்குத் தலைமை அதிகாரியாகச் சென்ற ஜெனரல் தல்லா கியேஸா செப்டம்பரில் கொல்லப்பட்டார். அம்மாதத்திலேயே, மாபியாவில் சேர்ந்திருப்பதே குற்றமென்றும், அதன் சொத்தைப் பறிமுதல் செய்யலாமென்றும் சட்டம் பிறந்தது.

சட்டத்தை ஒதுக்கினால்தான் நீதி கிடைக்குமென்று கைதட்டுவோர் எந்நாட்டிலும் உண்டு. சட்டத்தை மீறும் போலீஸ் இன்னொரு கூட்டமாகிவிடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தோற்றுப்போன பெல்லோதி, ஸிஸிலிக்கே திரும்புவதென்று தீர்மானிக்கிறார். அத்தகைய உத்தியோகஸ்தரைக் கைவிடாத ஸர்க்காரும், கண்டதைச் சொல்லும் ஜனங்களும் வாய்த்தாலன்றி, காணாமற்போனவன் பிணமாகத்தான் கிடைப்பான் என்பது நமது திடமான அபிப்பிராயம்.