பனிக்காலத்தில் மாடு, ஆடு, கோழிகளுக்குக் குடிதண்ணீர்

லயத்தில் இருந்தபோது உங்கள் மாட்டுக்கொட்டில் மற்றவர்களின் கொட்டில்களோடு ஒட்டி நின்றிருக்கும். ஒரு பக்கம் லயச்சுவர், மறுபக்கம் அடுத்த வீட்டுக் கொட்டில் என்று காற்றுக்கு மறைப்பு இருந்தது. பீலியும் கிட்டவே இருந்தது. புதிய வீட்டில் நிலைமை வேறு. 7 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். புதிதாகத் திருத்திய நிலம் என்பதால் நிழல்மரம் இருக்காது. கொட்டில் வெட்டவெளியில் தனியாக நிற்கும். இங்கே வரும் முதல் பனிக்காலத்தில் பால் குறைந்தால், "புது இடம் மாட்டுக்கு ஒத்துவரவில்லை" என்று நினைக்கத் தோன்றும். மாட்டை விற்க யோசிக்கும் முன்னர், விடியற்காலையில் அதன் தண்ணீர் வாளிக்குள் கையை வைத்துப் பாருங்கள்.

தண்ணீர் ஏன் இவ்வளவு குளிர்கிறது?

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி விழும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. பொகவந்தலாவை அதைவிடத் தாழ்வானது. ஆனாலும் இங்கே பள்ளத்தாக்கு அமைப்பு உண்டு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலத்தின் சூடு வானத்தை நோக்கிப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது மலைச்சரிவில் இறங்கி, கெசல்கமு ஓயாக் கரை போன்ற பள்ளமான இடங்களில் தேங்கி நிற்கும். மேட்டு மலையில் கொழுந்து நன்றாக இருக்க, பள்ளத்து மலையில் மட்டும் கருகுவதற்கும் இதுவே காரணம்.

இதனால் இரண்டு விடயங்களை விளங்கிக்கொள்ளலாம். ஒன்று, வானம் தெளிவாக நட்சத்திரம் தெரியும் இரவில்தான் கூடுதல் கவனம் தேவை. மற்றது, திறந்த வெளியில் இருக்கும் அகலமான தட்டத்துத் தண்ணீரே முதலில் குளிரும். கூரைக்கு அடியில் இருக்கும் ஆழமான வாளித் தண்ணீர் அவ்வளவு விரைவில் குளிராது.

குளிர்ந்த தண்ணீரால் என்ன நட்டம்?

வளர்ந்த மாடு குளிரை நன்றாகவே தாங்கும். அதன் வயிற்றில் புல் செரிக்கும்போது உண்டாகும் சூடு உடம்பைக் காக்கிறது. அதற்குக் கெடுதல் செய்வது போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான். பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். ஒரு லீற்றர் பாலுக்கு மாடு 3 முதல் 4 லீற்றர் வரை தண்ணீர் குடிக்க வேண்டும். இது அதன் உடம்புத் தேவைக்கு மேலதிகமானது. தண்ணீர் பனிபோல் இருந்தால் நாலு வாய் குடித்துவிட்டு நிறுத்திவிடும். தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், அதற்குப் பின்னால் பாலும் குறையும். பெட்டைக்கோழி ஒரு நாளைக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர் வரை குடிக்கும். முட்டையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர் என்பதால், குடிப்பது குறைந்தால் முட்டையும் குறையும்.

மாலையும் காலையும் செய்ய வேண்டியவை

1. மாலையில் கடைசியாகத் தண்ணீர் காட்டிய பின்னர், கோழித் தட்டங்களைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். கோழி இருட்டில் தண்ணீர் குடிக்காது. வெறும் தட்டத்தில் உறைய எதுவும் இருக்காது.

2. மாட்டுக்கு இரவிலும் தண்ணீர் இருக்க வேண்டும். அதை மூடி போட்ட ஆழமான வாளியில் வையுங்கள். மூடியில் பாதியை மாடு மூக்கால் தள்ளித் திறக்கும்படி விடலாம்.

3. காலையில், இரவு முழுவதும் நின்ற தண்ணீரைக் கழுவுவதற்கு எடுத்துக்கொண்டு, குடிக்கப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். ஊற்றுத் தண்ணீர் நிலத்துக்கு அடியிலிருந்து வருவதால், வாளியில் நின்ற தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். கறுப்புக் குழாய் நிலத்துக்கு மேலே கிடந்தால் முதலில் வருவது குளிர்ந்த தண்ணீராக இருக்கும். அதைத் தனியாகப் பிடித்த பிறகு வருவதைக் கொடுங்கள். முடிந்தால் குழாயை ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள்.

4. இரவுச் சமையல் முடிந்ததும் ஒரு பானைத் தண்ணீரை அடுப்புத் தணலில் வைத்துவிடுங்கள். காலையில் தேத்தண்ணிக்கு மூட்டும் நெருப்பிலேயே அது சூடாகிவிடும், வேறு விறகு தேவைப்படாது. ஒரு பங்கு கொதிநீருக்கு ஐந்து பங்கு குளிர்ந்த தண்ணீர் கலந்தால் போதும். முதலில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, பிறகு கொதிநீரைச் சேர்த்துக் கலக்குங்கள். கை வைத்தால் குளிரும் சூடும் தெரியாத அளவே சரியானது. பெரட்டுக்குப் போகும் முன்னர் பத்து நிமிடத்தில் இந்த வேலை முடியும்.

வாளிக்கு ஒரு போர்வை

பழைய லொறி டயருக்குள் வாளியை இறக்கி, இடைவெளியில் காய்ந்த மானாப்புல் அல்லது மரத்தூளை இறுக்கமாக அடையுங்கள். அது நனைந்தால் மாற்றிவிட வேண்டும், ஈரமான புல் குளிரைத் தடுக்காது. இந்த வாளியைக் கூரைக்கு உள்ளே, காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக வையுங்கள். காலை வெயில் முதலில் படும் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

கொட்டிலின் காற்றுப் பக்கத்தைப் படங்கு அல்லது சாக்கால் மறையுங்கள். ஆனால் கூரைக்குக் கீழே ஒரு சாண் அளவு திறந்தே இருக்கட்டும். மூத்திர ஆவி வெளியே போகாவிட்டால் மாட்டுக்கும் கோழிக்கும் சளி பிடிக்கும்.

குஞ்சுகள், கன்றுகள்

கோழிக்குஞ்சு நனைந்தால் குளிரில் செத்துவிடும். ஆழம் குறைந்த தட்டத்தில் கூழாங்கற்களைப் பரப்பி, அவற்றின் இடையில் தண்ணீர் ஊற்றுங்கள். குஞ்சு குடிக்கும், உள்ளே இறங்காது. முதல் வாரத்தில் குஞ்சு இருக்கும் இடம் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். இப்போது கிடைக்கும் எல்.ஈ.டி. மின்குமிழ் வெளிச்சம் தரும், போதிய சூடு தராது. அதை நம்பிக் குஞ்சுகளை விடாதீர்கள். பெட்டைக்கோழியோடு விடுவதே பாதுகாப்பானது. பெரிய கோழிகளுக்குத் தட்டத்தை இரண்டு செங்கல் உயரத்தில் வைத்தால் தண்ணீர் சிந்தாது. தரை நனைந்தால் இரத்தக் கழிச்சல் நோய் பரவும்.

கன்றுகளுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் காலையில் இளஞ்சூடான தண்ணீரே கொடுங்கள்.

செய்யக் கூடாதவை

• உறையாமல் இருக்கட்டும் என்று குடிதண்ணீரில் உப்பை அள்ளிப் போடாதீர்கள். கோழிக்கு அது நஞ்சாகும்.

• மூடிய கொட்டிலுக்குள் தணல் சட்டி வைக்காதீர்கள். புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தணலிலிருந்து வரும் நச்சு வாயு உயிரைப் போக்கும். காய்ந்த புல்லில் நெருப்பும் பற்றும்.

• வாளிக்குள் மின்சூடாக்கியை வைக்காதீர்கள். குளிர்நாடுகளில் இதற்கென்றே செய்த தொட்டிகள் உண்டு. வீட்டில் பாவிக்கும் சூடாக்கி மாட்டுக்கும் உங்களுக்கும் ஆபத்து.

• கொட்டிலுக்கு இடம் எடுக்க வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டாதீர்கள். கொட்டும் தண்ணீரை அந்தப் பக்கம் விடவும் வேண்டாம், வடிகானுக்கு விடுங்கள். மண்சரிவுக்குப் பயந்து இடம் மாறியவர்கள், புது இடத்திலும் அந்த ஆபத்தை உண்டாக்கிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

எப்போது உதவி கேட்பது?

ஒரு வாரம் இப்படிச் செய்து, காலையில் மாடு குடிக்கும் வாளிகளையும் கறக்கும் பாலையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். தண்ணீர் கூடியும் பால் கூடாவிட்டால், மாடு தீனி எடுக்காவிட்டால், அல்லது மூக்கில் சளி வடிந்தால், அது தண்ணீர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. அந்தக் கொப்பியோடு உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். எழுதி வைத்த கணக்கு வைத்தியருக்குப் பெரிய உதவியாக இருக்கும்.