படிகத்தின் மீள்மையும் கேளா ஒலியும்

நொறுங்கும் தன்மையுள்ள சிறு படிகத்தை வளைத்துப் பாராமலே அதன் மீள்மையை அறிய இயலுமா? இயலும். கேளா ஒலித் துடிப்பொன்று படிகத்துள் சென்று எதிர்முகத்தில் பட்டு மீளும் நேரத்தை அளந்தால், ஒலியின் வேகம் தெரியும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் மீள்மை எண் கிடைக்கும். வைரத்தின் மீள்மையைப் பகவந்தமும் பீமசேனாச்சாரும் 1940-களில் கேளா ஒலியைக் கொண்டே கண்டனர்.

ஃபெரோ எலெக்ட்ரிக் படிகங்களில் ஓர் இடர் உண்டு. இவ்வினத்தது என 1956-இல் அறியப்பட்ட டிரைகிளைசின் சல்ஃபேட், சுமார் 49 பாகை சென்டிகிரேடில் தன் இயல்பான மின்முனைவை இழக்கிறது. அவ்வெல்லையருகே ஒலியின் வேகமும் மாறுகிறது. ஆகவே வெப்பநிலையை நிலைநிறுத்தாமல் அளப்பது வீண். வேகத்தில் 1 சதவீதப் பிழை நேர்ந்தால், மீள்மை எண்ணில் அது 2 சதவீதமாகும்.

படிக இயற்பியலறிஞர் ஆர். எஸ். கிருஷ்ணன் துணைவேந்தராயிருந்த கேரளப் பல்கலைக்கழகம் அமைந்த திருவனந்தபுரம், ஈரக்காற்று மிகுந்த நகரம். நீரில் கரையும் இப்படிகத்தை அத்தகைய இடத்தில் அளப்போர், மெருகிட்ட முகங்களை ஈரம் தீண்டாது காத்தல் வேண்டும்.